விசை இல்லாத புள்ளி

பகலில் நான் ஈயம் உடுத்தவள்.
ஏழு கிலோ. தோளில் இரண்டு தழும்புக் கோடுகள்.
மிதியை அழுத்தினால் எக்ஸ்றே;
இத்ரூஸ் காக்காவின் நெஞ்சுக்குள்
மயிர்த் தடிப்பில் ஒரு கம்பி
விலா எலும்புகளின் நிழலுக்குள் போய்த்
தொலைந்து தொலைந்து வரும்.
இன்னும் கொஞ்சம், என்பார் டொக்டர்.
அந்த இன்னும் கொஞ்சம்
என் சட்டையில் குத்திய பட்டைக்கும் சேர்த்துத்தான்.
மாத முடிவில் அது கொழும்புக்குப் போய்
நான் எவ்வளவு வெளிச்சம் குடித்தேன் என்று
ஓர் இலக்கமாகத் திரும்பி வரும்.

மாலையில் மருந்துக் களஞ்சியத்துக்குப் பின்னால்
ரிஸ்மியாவின் அறை.
யோகட் கோப்பையில் புல்மோட்டைக் கறுப்பு மணல்.
காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால்
முள்ளெலி மாதிரிச் சிலிர்க்கும்.
"இது மலை," என்றாள்.
"நமக்கு வேணுமானது தூசின் தூசு."
தலைமயிர் ஒன்றின் தடிப்பை
மூவாயிரமாய்ப் பிளந்தால் அதில் ஒன்று.
அதை அரக்கில் கலந்து வைத்திருந்தாள்,
நகப்பூச்சுப் போத்தலில், நகப்பூச்சுத் தூரிகையோடு.
கம்பி நுனிக்குப் பூசுவது என் வேலை.
மூன்று மில்லிமீற்றர். இடைவெளி. மூன்று. இடைவெளி. மூன்று.
கை நடுங்கினால் துடைத்துவிட்டு முதலிலிருந்து.

இயந்திரம் என்பது
ஒரு கை நுழையும் துளை, சுற்றிவரச் செப்புச் சுருள்,
இரண்டு பக்கமும்
முகம் கொடுத்துப் பேசாத இரண்டு காந்தங்கள்.
ஒன்றையொன்று அவை தள்ளத் தள்ள
நடுவில் எங்கோ ஒரு புள்ளியில்
விசையே இல்லை.
மற்ற இடமெல்லாம் துணிக்கைகள்
பரேட்டில் நிற்பதுபோல் விறைத்து நிற்கும்,
வாய் திறக்கா.
அந்தப் புள்ளி தம்மைக் கடக்கும்போது மட்டும்
புரண்டு, குலுங்கி,
சொந்தக் குரலில் ஒரு சொல் சொல்லும்.
இதை விளக்க அவள் பலகையில் கீறத் தொடங்கினாள்.
வேண்டாம் என்றேன்.
நான் திருகோணமலையில் பிறந்தவள்.

ஆளியைப் போட்டாள்.
எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.
யன்னலுக்கு வெளியே
வாழைப்பழத் தோல் மென்றுகொண்டிருந்த புள்ளிமான்
மெல்வதை நிறுத்தி
ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியது.

திரை இருட்டு.
பிறகு, கொட்டியாரக் குடாவில்
அமாவாசைக்கு வலை போடப் போகிற மாதிரி
மூன்று விளக்குகள், ஒன்றன் பின் ஒன்று.
பிளாஸ்ரிக் குழாயில் நாங்கள் செய்த நாளத்துக்குள்
கம்பி போகிறது.
மேலே போர்த்திய கோழி நெஞ்சு
(காலையில் சந்தையில் வாங்கியது, எலும்போடு)
திரையில் இல்லை.
எலும்பும் இல்லை.
குழாயும் இல்லை.

அதுதான் சிக்கல்.
கருவி மட்டும் தெரிகிறது,
எதற்குள் போகிறது என்று தெரியவில்லை.
"அதுக்கு வேறொரு துணிக்கை, வேறொரு குரல்,
தண்ணியில கலக்க வேணும்.
அடுத்த மாசம்," என்றாள். "காசு வந்தால்."
அதுவரைக்கும்
மூன்று விளக்கும் வளைந்த விதத்தைப் பார்த்து
அங்கே ஒரு சுவர் இருக்கிறதென்று நம்பினோம்.

கம்பியை உருவிய பிறகும் ஒரு புள்ளி.
ரிஸ்மியா மென்பொருளைத் திட்டினாள்.
கழன்று விழுந்த குழாய்த் துண்டைத் தேடி
என் கை துளைக்குள் இருந்தது.
விரலை அசைத்தேன். புள்ளி அசைந்தது.
நக ஓரத்தில் பூச்சு,
கடுகில் பாதிகூட இராது.
கையைக் காட்டவில்லை.
இத்தனை வருசமாய் மேசையில் கிடந்தவர்கள்
இறுக்கிப் பிடித்த கை. அதைக் காட்டவில்லை.
கறையைக் காட்டியது, துல்லியமாக.

சவர்க்காரத்தில் கழுவினேன். ஸ்பிரிட்டில் கழுவினேன்.
மங்கியது.
போகவில்லை.

மறுநாள் மறுபடி ஈயம். மறுபடி இத்ரூஸ் காக்கா.
அந்த விரலாலேயே
அவர் மணிக்கட்டில் நாடி தேடினேன்.
"என்ன தங்கச்சி, தெரியுதா?"
தெரியுது என்றேன்.
என்ன தெரியுதென்று
அவர் கேட்கவில்லை.